ஆறாவது வேலை நாள்

படிவம் மலையாளத்தில் இருந்தது.
கேள்வி நான்கு: வீட்டில் சம்சாரிக்குன்ன பாஷை.
வாசித்தேன்.
எருத்தேம்பதியில் முதல் வீட்டுக்காரர்,
'சம்சாரம் தேங்காய் மண்டிக்குப் போயிருக்கு,
சாயங்காலம் வாங்க' என்றார்.
அன்றிரவே அவரை
இரண்டாம் அத்தியாயத்தில் அடிக்குறிப்பாக்கினேன்.

என் தலைப்பு நீளமானது.
மொழிச் சிறுபான்மையினருக்கான கொள்கையும் திட்டமிடலும்:
சித்தூர்த் தாலுகாவை முன்வைத்து.
'வைத்து என்றால், அடகா?'
என்று அப்பா கேட்டார்.

எங்களுக்குக் குறை நிறைய.
ரேஷன் கடைப் பலகை, கரண்ட் பில்,
பாம்பு கடித்தவனுக்கு எழுதிய சீட்டு,
எல்லாம் உருண்டை எழுத்தில் வரும்.
கொழிஞ்சாம்பாறை ஸ்டாண்டில்
கண்டக்டரின் முகத்தைப் பார்த்து
பஸ் போகும் ஊரைக் கண்டுபிடிக்கிறவர்கள் உண்டு.
மனு எழுதி எழுதிக்
கனவிலும் 'மேற்படி' என்று உளறுகிறேனாம்.
பதினோரு வருடம் கழித்து வந்த தமிழ்ப் பலகையில்
'பஞசாயத்து' என்றிருந்தது.
புள்ளிக்கும் ஒரு மனு போட்டோம்.

ஜூன் பிறந்தால்
ஜெசிந்தா டீச்சருக்குத் தூக்கம் கிடையாது.
ஆறாவது வேலை நாளில் தலை எண்ணுவார்கள்.
குறைந்தால் தமிழ் டிவிஷன் போகும்,
டீச்சர் ஒற்றப்பாலம் போவார்.
'எத்தனை பேர்?'
'பதினாலு. காலனியிலிருந்து வரும் ஆறையும் சேர்த்து.'
பிறகு குரலை இறக்கி,
'உங்க சர்வேல அந்த ஆறுக்கும்
தாய்மொழி தமிழ்னு இருக்கணும்.
ஏ.இ.ஓ. கேட்டா காட்டறதுக்கு.'

காலனி கால்வாய்க்கு அந்தப் பக்கம்.
எரவாளர் வீடுகள்.
நஞ்சி கடலை ஆய்ந்துகொண்டிருந்தாள்.
கேள்வி நான்கைத் தமிழில்தான் கேட்டேன்,
பெருந்தன்மையோடு.
'தமிழ்' என்றாள்.
ஒன்று மலையாளம், இரண்டு தமிழ்,
மூன்று கன்னடம், ஒன்பது மற்றவை.
அவள் சொல்லும் முன்பே
என் பேனா இரண்டின்மேல் நின்றிருந்தது.

அப்போது கோழியை விரட்டினாள்.
அல்லது மகனை.
இரண்டே வார்த்தை.
எழுதிப் பார்த்தேன்.
தொண்டையில் எங்கோ தொடங்கி
மூக்கில் பாதி முடிந்தது அது.
இருநூற்று நாற்பத்தேழு எழுத்தும் வரிசையாக வந்து
கையை விரித்துவிட்டுப் போயின.

'இது என்ன பாஷை?'
'எது?'
'இப்ப பேசினது.'
'அது எங்க வீட்டுல பேசறது.'
'அதைத்தானே கேட்டேன்?'
'நீங்க தமிழ்ல கேட்டீங்க, தமிழ்னு சொன்னேன்.
போன மாசம் ஒருத்தர் மலையாளத்துல கேட்டார்.
அவருக்கு மலையாளம்.
வந்தவங்க வெறுங்கையோட போகலாமா?'

பொன்னாண்டி, இரண்டாம் வகுப்பு,
நோட்டைக் கொண்டுவந்து காட்டினான்.
பக்கத்துக்கு ஏழெட்டுச் சிவப்புச் சுழி.
வாய்விட்டு வாசித்தேன்.
நஞ்சி நிமிர்ந்து பார்த்தாள்,
தன் வீட்டுப் பேச்சு
என் வாயிலிருந்து தப்புத் தப்பாக வருவதை.
பையன் எங்கள் எழுத்தை இரவல் வாங்கி
அம்மா சொன்னதை எழுதியிருக்கிறான்.
டீச்சர் திருத்தியிருக்கிறார்.
நானாக இருந்தாலும் திருத்தியிருப்பேன்,
புள்ளிக்கு மனு போட்டவன்.

ஒன்பதில் வட்டமிட்டால் பதினாலு எட்டாகும்.
எட்டுக்கு டிவிஷன் இல்லை.
இரண்டில் வட்டமிட்டால்
யாருக்கும் ஒன்றும் ஆகாது.
கோழிகூட வந்துவிடும், கூப்பிட்டால்.
எங்களை எப்படி விழுங்கினார்கள் என்று
எண்பது பக்கம் எழுதியிருக்கிறேன்.
இதற்கு ஒரு வட்டம் போதும்.

'எழுதிட்டீங்களா?'
'இன்னும் இல்லை.'
எழுந்து வந்து
இரண்டு கை நிறையக் கடலை கொடுத்தாள்.

வேலந்தாவளம் பஸ்ஸில்
உடைத்துத் தின்றுகொண்டே வந்தேன்.
தோலெல்லாம் மடியில், படிவத்தின்மேல்.
நான்காம் கேள்விக்கு நேரே இருந்ததை
ஊதித் தள்ளினேன்.
கட்டம் காலி.
நாளை திங்கள்,
ஆறாவது வேலை நாள்.